கொக்கி பற்றிய கூட்டக்குறிப்பு

கூட்டத்தில் பேசியதை எழுதுவது என் வேலை.
பேசாததை விட்டுவிடுவதும்.

'வாவிக்கரைத் தியான மண்டபம்' என்று
முதல் கூட்டத்துக்குத் தலைப்பிட்டேன்.
தியானம் ஒரு பக்கம் சாய்கிறதென்று வெட்டினார்கள்.
'வழிபாடு' தேநீருக்கு முன் வந்து
தேநீரோடு போனது.
மண்டபம் பெரிய சொல், காசில்லை.
மிஞ்சியது: அறை.
பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் அதுதான்.
குளியலறையா என்று புது மாணவர்கள் கேட்கிறார்கள்.

வாசல் எந்தத் திசை என்பதில் நாலு மாதம் கழிந்தது.
கிழக்கு என்றால் ஒருவர் இருமுவார்,
மேற்கு என்றால் இன்னொருவர் கண்ணாடியைத் துடைப்பார்.
பொறியியலாளர் நிமந்தி வரைபடத்தை ஒரு சுற்றுச் சுற்றி
தண்ணீரைப் பார்க்க வைத்து
"நுளம்பு வலைக்கும் காசு ஒதுக்குங்கோ" என்றா.
நிறைவேறியது.
சுவர் இருக்கவேண்டிய இடம் முழுக்க யன்னல்.
யன்னல் முழுக்க வாவி,
கண்டல், ஒரு தோணி,
அக்கரையில் வவுணதீவுப் பக்கத்துப் புகை.

வாங்குகளைச் செல்டன் பல்தசார் செய்தார்.
ஒரு பூக்கூடச் செதுக்கக் கூடாதென்று கடிதம் அனுப்பியிருந்தோம்.
செதுக்கவில்லை. ஆனால்
மூன்றாம் வாங்கின் சாய்மானத்தில் மரத்தின் கணு
கண்போலத் தெரிகிறதென முறைப்பாடு வந்தது.
கோவையில் போட்டேன்.

சுவரில் விதிகள்: சின்னம் கூடாது.
சத்தம் கூடாது. சாப்பாடு கூடாது.
மூன்றாவதை நாள்தோறும் பன்னிரண்டரைக்கு
கடைசி வாங்கிலிருந்து மீறுகிறேன்.
இறால் வாசம் யன்னலால் போய்விடும்.
சோதனைக் காலத்தில் சப்ரினா வருவாள், ஏறாவூர்ப் பிள்ளை,
நெற்றி நிலத்தில் பட்டு எழும்பிய கையோடு
உடற்கூற்றியல் கொப்பியைத் திறப்பாள்.
ஆய்வுகூட உதவியாளர் அல்போன்சின் கை
காற்சட்டைப் பைக்குள் எதையோ உருட்டும்,
செபமாலையோ சாவிக்கொத்தோ.
நானும் கேட்டதில்லை,
அவரும் என் சோற்றைப் பற்றிக் கேட்டதில்லை.

தை பிறந்து நாலாம் நாள்
குளங்களின் வான்கதவுகளைத் திறந்தார்கள்.
வளாகத்தில் தூணில் நிற்கும் ஒரே கட்டடம் அதுதான்.
பதினொரு குடும்பம், இரண்டு ஆடு, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி
தோணிகளில் வந்து இறங்கின.
விதிப்பலகையில் சாறம் காய்ந்தது.

யோகமலரின் பிள்ளைக்குப் பதினெட்டு நாள்.
புருசன் உழவு இயந்திரப் பெட்டியின் கொக்கியைக் கழற்றிவந்து
கூரை வளையில் முறுக்கினான்.
அவளுடைய சீலை ஏணையாகிவிட்டது.
ஏணையில் ஒரு கயிறு.
சோறு வடிக்கப் போகும்போது
பக்கத்தில் இருப்பவரிடம் கயிற்றைக் கொடுப்பாள்.
யாரானாலும் வாவியைப் பார்த்தபடி இழுப்பார்கள்.
சப்ரினா இழுத்தாள்.
அல்போன்ஸ் இழுத்தார், இரண்டு கையாலும்.
நான் ஓர் இரவு முழுக்க இழுத்தேன்,
பிள்ளை தூங்கி வெகுநேரமான பிறகும்.

குழுத் தலைவர் பேராசிரியர் சீவரெத்தினம்
காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு
சேதம் பார்க்க வந்தார்.
"இந்தாங்க சேர், ஒருக்காப் புடிங்க."
கையில் குடையை வைத்திருந்தார்,
குடை நிலத்தில் விழுந்தது.
முக்கால் மணித்தியாலம்
எந்தச் சேதத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிந்தது. போனார்கள்.
கொக்கி போகவில்லை.

விடயம் ஏழு: கூரை வளையில் காணப்படும் இரும்புக் கொக்கி.
சின்னமா? சின்னமெனில் எவருடையது?
கழற்றினால் ஓட்டை நிற்கும்,
ஓட்டையும் கண்ணில் படுமே என்றார் ஒருவர்.
பாரம் தாங்கும் என்றா நிமந்தி,
அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.
'அகற்றப்படும்' என்று எழுதி, வெட்டி,
'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன்.
இது ஆறாவது தடவை.

தலைவர் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைக்குக் கீழே அவரது வலது கை மட்டும்
மெல்ல முன்னே போனது,
பின்னே வந்தது,
முன்னே போனது.
அதை எழுதவில்லை.

விடயம் எட்டு: நுளம்பு வலை.