காரணம் என்னும் கட்டம்

ஆவுடைப்பேரியின் கொள்ளளவு
பதினெட்டு மில்லியன் கன அடி.
கரை நீளம் ஆயிரத்து நூற்றிருபது மீட்டர்.
மறுகால் ஒன்று, மடை மூன்று,
நடுமடையில் சாமி உண்டு.
சாமியைத் தவிர மற்றதெல்லாம்
என் பதிவேட்டில் இருந்தது.

மார்கழி இரண்டாம் நாள் ராத்திரி
பாளையங்கால்வாய் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது.
என் செல்போனில் ரேடார் படம்.
மாஞ்சோலைக்கு மேலே ஒரு சிவப்புத் திட்டு
அசையாமல் நின்றது, நெற்றிப்பொட்டு மாதிரி.
டவர் போவதற்கு முன்பு வந்த கடைசிப் படம் அது,
வேறெப்படி நிற்கும்.

அளவுகோலை நனைத்து நனைத்துப் பார்த்துக்
கணக்குப் போட்டேன்.
யாரோ ஒருவர் எனக்கு டார்ச் பிடித்தார்.
கை நடுங்காத மனிதர்.
மூன்றே காலுக்குக் கரை வழியும் என்றேன்.
சரியான கணக்கு.
இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், சரியான கணக்கு.

கரையில் நாற்பது பேர், ஒரு ஜேசிபி,
அதை ஓட்டுகிற அந்தோணி மிக்கேலுக்கு
விடிந்தால் பெண் பார்க்கப் போகவேண்டும்.
எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்,
அடுத்த வரிக்காக.

அடுத்த வரி என்னிடம் இல்லை.
தெற்கே வெட்டினால் நூற்றுப்பத்து வீடு.
நடுவே வெட்டினால் பள்ளிக்கூடம், ரேஷன் கடை.
வடக்கே வயல்.
வயலுக்கு ஆள் உண்டு, ஆளுக்கு வாய் உண்டு,
வாய்க்குப் பின்னால் கட்சி உண்டு.
"மேலிடத்தைக் கேட்கணும்" என்றேன்,
செத்துப்போன செல்போனைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் வண்டிமலைச்சி வந்தாள்.
நைட்டிக்கு மேலே உரச்சாக்குக் கொங்காணி,
கையில் மம்பட்டி.
"இந்தா, இங்கன வெட்டுங்க.
எங்க வய மேல போவட்டும்.
வாழ போட்டிருக்கு, போவட்டும்.
அதுக்குக் கீழ ஓட, ஓடைக்குக் கீழ ஆறு.
என்ன பாத்துக்கிட்டே நிக்கிய?"

அந்த ஓடை என் வரைபடத்திலும் இருந்தது,
நீலத்தில், மயிரிழை போல.
அலுவலகச் சுவரில் அதன் எதிரே உட்கார்ந்து
ஆறு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.
அதில் தண்ணீர் ஓடும் என்பது மட்டும்
அந்த நேரம் தோன்றவில்லை.

மிக்கேல் என்னை ஒருமுறை பார்த்தான்.
அப்புறம் அவளை.
வாளியை இறக்கினான்.
எழுநூறு ஏத்தன் வாழை, குலை தள்ளி இருபது நாள்,
டார்ச் வெளிச்சத்தில் மொத்தமாகப் படுத்தது.
சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

விடிந்தபோது ஊர் இருந்தது.
பள்ளிக்கூட வாசலில் அண்டாவில் டீ கொதித்தது.
"எப்படிம்மா மனசு வந்தது?" என்று கேட்டேன்.
தியாகம் என்கிற சொல்லை
ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தேன்.

அவள் சிரித்துவிட்டாள்.
"மனசா?
பதினோரு வருசமா கேஸுல கெடக்கு சார் அந்த வய.
எனக்கும் இல்லாம அவனுக்கும் இல்லாம
கோர்ட்டு வராண்டாவுல நிக்குது.
ஒரு தடவ ஊருக்காவது ஆவட்டுமேன்னுதான்.
வாழ நான் போட்டதில்ல,
எங்க அண்ணன் போட்டது."

டீயை ஊதினாள்.
"அவனும் அங்கனதான் நின்னான்.
வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லலியே.
அத யாரும் கேக்க மாட்டிய."

ஆறுமுகநயினார்.
எனக்கு டார்ச் பிடித்தவர்.

அறிக்கைப் படிவத்தில்
உடைப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
பகை என்று எழுதினால் பாதி சரி.
பெருந்தன்மை என்று எழுதினால்
அவளே வந்து அடித்துவிட்டுப் போவாள்.
பேனாவைத் திறந்து மூடித் திறந்து
நீர்வரத்து மிகுதி என்று எழுதினேன்.
அதுவும் சரியான தகவல்தான்.
மேலிடம் கையெழுத்துப் போட்டது.

தை பன்னிரண்டில் அவர்களுக்கு வாய்தா.
அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் போனார்களாம்,
முன்சீட்டில் ஒருவர், பின்சீட்டில் ஒருவர்.
டிக்கெட் யார் எடுத்தது என்று
மிக்கேலுக்குத் தெரியவில்லை.
எனக்கு அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.