நோக்கம் என்ற கட்டம்

விண்ணப்பத்தில் பதினொன்றாவது கேள்வி:
நோக்கம்.
விட்டிருந்த இடம் ஒரு தீக்குச்சி நீளம்.

சட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
எங்கள் கராஜில் பழைய டயருக்குள்
மார்ச் மாதம் ஒருநாள் அது சுருண்டிருந்தது.
பழுப்பு நிறம். கண்ணோரம் வெளிறிய இரண்டு கோடு.
டார்ச் அடித்தால்
ஈரத் தரையில் சிந்திய பெட்ரோல்போல
செதிலில் நிறங்கள் ஓடின.
"வீட்டுப் பாம்பு, விஷம் கிடையாது" என்றேன்.
துடைப்பத்தை இறக்காமலே கேட்டாள் புஷ்பம்:
"யார் வீட்டுப் பாம்பு?"

மூன்று வாரம் மீன்தொட்டியில் வைத்திருந்தேன்.
மேலே இஸ்திரிப் பலகை,
பலகைமேல் இரண்டு செங்கல்.
அது எதையும் தின்னவில்லை.
கண்ணாடியின் ஒரே மூலையை
மூக்கால் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்தது,
மூக்கைத்தான்.

சட்டப்படி ஆக்கிவிடலாம் என்று
மாரிட்ஸ்பர்க்குக்கு வண்டி எடுத்தேன்.
கவுண்டரில் நோம்புஸோ என்றொரு பெண்.
பெயர் அட்டை நேராக, குரல் அதைவிட நேராக.
"எங்கே கிடைத்தது?"
"தானாக வந்தது."
"தானாக வந்ததற்கு ரசீது இருக்காது, அங்கிள்.
வந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.
வேண்டுமென்றால் வளர்ப்பில் பிறந்ததை வாங்கி
இதை நிரப்பிக்கொண்டு வாருங்கள்."
நான்கு பக்கம் நீட்டினாள்.

அன்று இரவே செங்கல்லை எடுத்தேன்.
பக்கத்து வீட்டு மதும்பிக் கிழங்கு இலைகளுக்குக் கீழே
அவசரமில்லாமல் போனது,
வாடகை பாக்கி இல்லாதவர் வீடு மாறுவதைப்போல.

பைன்டவுனில் ஃபூரி என்பவர்
பாம்புகளை இழுப்பறைகளில் வைத்திருந்தார்,
மருந்துக்கடையில் மாத்திரைபோல.
"அமெரிக்கச் சோளப் பாம்பு எடு.
அழகு. காகிதமும் குறைவு."
இந்த மண்ணில் பிறந்ததற்குத்தான்
இந்த மண்ணில் இருக்க அதிகக் காகிதமா?
சிரித்துவிட்டேன்.
அவர் ஏனென்று கேட்கவில்லை.

என் முப்பாட்டனுக்கும் கப்பலில் ஓர் எண் கொடுத்தார்கள்.
அவருடைய நோக்கத்தை வேறு யாரோ நிரப்பினார்கள்:
கரும்பு.

"நிறத்தைப் பார்க்காதே" என்றார் ஃபூரி.
"கையில் எடு. முதுகெலும்போடு விரலை ஓட்டு.
கடைசியாகத் தின்ற தேதியைக் கேள்."
எடுத்தேன்.
பென்சில் கனம்கூட இல்லாத ஒன்று
என் கட்டைவிரலில் இரண்டு சுற்று சுற்றி
நாக்கை நீட்டி
என்னை வாசித்தது.
"இருபது வருஷம்கூட இருக்கும்.
உனக்கு என்ன வயது?"
அறுபத்தொன்று என்று சொல்ல
எனக்கு ஏனோ நேரமாயிற்று.

பெட்டியின் நீளம், அகலம்.
சூட்டுப் பாய். ஒளிந்துகொள்ள இரண்டு இடம்.
பூட்டு: ஆம்.
உரிமையாளர் இல்லாதபோது பொறுப்பாளர்:
புஷ்பத்தைக் கேட்காமலே புஷ்பம் என்று எழுதினேன்.
ஃப்ரீசரில் பச்சைமிளகாய்க்கும் வஞ்சிரத்துக்கும் நடுவே
அவளே ஒட்டியிருந்தாள் ஒரு சீட்டு:
இது மீன் இல்லை.
அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

நோக்கம் மட்டும் மிஞ்சியது.
பொழுதுபோக்கு. அழித்தேன்.
கல்வி. யாருக்கு? அழித்தேன்.
முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன்,
கண்ணாடியில் முகங்களை மட்டும் பார்த்தவன்,
சத்தமில்லாத ஒன்று தன்னை நம்பிக்
கையில் ஏறுவதைப் பார்க்க ஆசைப்பட்டான்:
இதைத் தீக்குச்சி நீளத்தில் எப்படி எழுதுவது?
காலியாகவே அனுப்பினேன்.

ஏழு வாரம்.
முத்திரையோடு வந்தது.
அந்தக் கட்டத்தை அவர்களும் பார்க்கவில்லை,
அல்லது நோம்புஸோ பார்த்தும் விட்டுவிட்டாள்.

நேற்று டயரை நகர்த்திய புஷ்பம்
உள்ளிருந்து ஒரு சட்டையை எடுத்து வந்தாள்.
கிழியாமல், கண்மூடிகூட அப்படியே,
இன்னும் கொஞ்சம் ஈரமாக.
எங்கள் அனுமதிக்காரனோ பெட்டிக்குள்ளேயே இருக்கிறான்.
"இதுக்கும் ரசீது கேப்பாங்களா?" என்றாள்.

பிறகு அதை நான்காக மடித்து,
அனுமதிச் சீட்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்
அதற்குப் பின்னால் செருகிவைத்தாள்.