திருத்தம்

வொயின்ஜாமாவில் இணையம் கிடைப்பது
மழை விட்ட மாலைகளில்,
அதுவும் மசூதிக்குப் பின்னாலுள்ள மேட்டில் மட்டும்.
ஆகவே எங்கள் செய்தி
நகமளவு மெமரி கார்டில் போகிறது.
பதினோரு நிமிடம்.
பாதி லோர்மா, பாதி மண்டிங்கோ.
சார்ஜ் கடைகளில் நகலெடுத்து
பைக்காரர்கள் கொண்டுபோவார்கள்
பாட்டோடு பாட்டாக.

போர்க்காலத்தில் ஒரே வானொலி.
'நகரம் அமைதியாக இருக்கிறது' என்று அது சொன்னால்
அம்மா சட்டியை இறக்கிவைத்து
மூட்டை கட்டுவாள்.
ஒருநாளும் அது எங்களைக் கைவிட்டதில்லை,
தலைகீழாக நம்பியவரை.

போன வாரம் நான் வாசித்தேன்:
பாலத்தில் சுங்கம் வாங்கும் ஸூபா
அன்று அதே பாலத்தில்
சாவடிக் கயிறு பிடித்தவன்.
மூன்று பேர் சொன்னார்கள்.
மூவரும் ஒரே வாயில் கேட்டவர்கள் என்று தெரிய
நான்கு நாளாயிற்று.
பெயர் அதுதான். ஆள் வேறு.
இவன் அப்போது கினியாவில்,
முகாமில்,
ஒன்பது வயதில், தண்ணீர் வரிசையில்.

துப்பாக்கிகளை எண்ணி வாங்கினார்கள் அந்நாளில்,
ஆளுக்கொரு ரசீது கொடுத்து.
என் குரலை யார் எண்ணி வாங்குவது?
அது இந்நேரம்
கொலாஹுனைத் தாண்டியிருக்கும்.

போனேன்.
அவன் கதவில் யாரோ கரியால்
ஒரு கயிறு வரைந்திருந்தார்கள்.
மன்னிப்பு என்று வாயெடுத்தேன்.
அவன் மனைவி கோர்ப்போ
துணி பிழிவதை நிறுத்தவில்லை.
'எங்களிடம் ஏன் சொல்கிறாய்,
எங்களுக்குத் தெரியாதா?
எங்கே சொன்னாயோ அங்கே போய்ச் சொல்.'

பேர் கெட்டுவிடும் என்றான் ஃப்ளோமோ.
ஜெனரேட்டருக்கு டீசல் போடுபவன் அவன்,
சொல்ல உரிமையுண்டு.
ஆனாலும் அரிசி விலைக்கு முன்பு,
அமைச்சர் வருகைக்கு முன்பு,
முதல் செய்தியாக வாசித்தேன்.
மூன்று முறை பதிவு செய்தோம்.
முதலிரண்டில்
குரல் தன் பக்கம் வழக்காடியது.

இரண்டு மாதம் கழித்து
கொலாஹுனில் ஒரு அத்தாயா கடை.
கடைக்காரன் ஃபோனில் நான்,
தடுமாற்றமே இல்லாமல்
ஸூபாவைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.
முடியும்வரை கேட்டேன். டீ ஆறியது.
'இது பழசு' என்றேன்.
'தெரியுமே, புதுசும் இருக்கிறது.'
'இதை அழித்துவிடட்டுமா?'
'வேண்டாம், இரண்டும் கிடக்கட்டும்.
அந்தக் காலத்து வானொலியில்
இரண்டாவது வந்ததே இல்லை.'

குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டானா, தெரியவில்லை.
டீக்குக் காசை
எண்ணித்தான் வாங்கினான்.