கேஸ் ஷீட்டின் ஓரம்

முதுநகரில் நான்கு பெண்களுக்கு வீடு கேட்டேன்.
"ராத்திரியில கத்துவாங்களா?"
தெருநாய்களைவிடக் குறைவாகத்தான், என்றேன்.
மூன்று மாத அட்வான்ஸ் ஐந்தானது.

பதினேழு வருடம் வார்டில் கிடந்த அஞ்சலாட்சி
முதல் வாரமெல்லாம் போனில் கூப்பிட்டு
"விளக்கை அணைக்கலாமா சிஸ்டர்" என்பாள்.
சுவிட்ச் அவள் தலைமாட்டில்தான்.

இன்று தனியாகத் துறைமுகத்துக்கு நடந்து
மத்தி வாங்கி வந்திருக்கிறாள்.
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட.
பாதி நசுங்கியது.
"நாளைக்கு அவளை நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்"
என்று அலசிய மீனையே
இன்னொரு தரம் அலசுகிறாள்.

மாத்திரை, தூக்கம், எடை:
இருக்கிற கட்டம் எதிலும் இது அடங்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
நாளை சண்டைக்குப் போகிறாள்.

அங்கே இதே வரியை எழுதிவிட்டு
ஊசி போட்ட கைதான்.