பால் பல்

பழங்காநத்தம் தாண்டியதும் குறுக்கே ஒரு ஆட்டோ.
ஒச்சப்பன் அண்ணன் மிதித்த மிதியில்
பஸ் நின்றது.
நான் நிற்கவில்லை.
கம்பி வந்து வாயில் அறைந்தது.

இரவு ஒன்பது நாற்பது,
பெரியார் டு திருநகர், கடைசிக்கு முந்தின நடை.

முதலில் உப்புக் கரித்தது.
அப்புறம் ஒரு காலி இடம்;
இறங்கிப்போன பயணியின் சீட்டைத் தடவுவதுபோல்
நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.
"பல்லு" என்று சொல்லப் பார்த்தேன்,
காற்றும் ரத்தமும்தான் வந்தன.

பதினாறு பேர் குனிந்தார்கள்.
சீட்டுகளுக்கு அடியில் செல்போன் வெளிச்சம்.
கடலைத் தோல், கிழித்துப்போட்ட டிக்கெட், ஒரு ஹேர்பின்,
யாரோ எப்போதோ தொலைத்த ஐந்து ரூபாய்,
படிக்கட்டோரம் அது.
முப்பத்தைந்து வருஷமாய் என்னோடு சிரித்தது
வேரோடு இவ்வளவு நீளம் என்று
எனக்குத் தெரியாது.

ஒருவர் எடுத்து வேட்டியில் துடைக்கப் போனார்.
"வேரைத் தொடாதீங்க!"

மூன்றாவது சீட்டிலிருந்து ஜெய்த்தூன்,
துணிப்பையும் இலவசச் சீட்டுமாக எழுந்துவிட்டாள்.
"வெள்ளைப் பக்கமாப் பிடிங்க. தேய்க்காதீங்க,
சுரண்டாதீங்க. வேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கே,
அதுலதான் உசுரு."
இதெல்லாம் எங்கே படித்தாய் என்று
யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
"எம்மவன் பல்ல நான் சோப்புப் போட்டு
பிரஷ் வச்சு பளபளன்னு தேய்ச்சு
காகிதத்துல மடிச்சு மறுநாள் கொண்டுபோனேன்.
டாக்டரு என்னையத் திட்டக்கூட இல்ல."

பின்சீட்டில் ஒருவர், கிராம்பு வை என்றார்.
இன்னொருவர், ஓட்டு மேலே எறி, முளைக்கும் என்றார்.
சிரித்துவிட்டேன். சட்டையெல்லாம் ரத்தம்.
அவள் கைக்குட்டையை நனைத்து மடித்து
கடி என்றாள். கடித்தேன்.

டீக்கடைக்கு ஓடினான் ஒரு பையன்.
"பால் ஒரு கிளாஸ். காய்ச்சாதது. சீனி வேணாம்."
"சுகரா?" என்றார் மாஸ்டர்.
"பல்லு" என்றான்.
அவர் பாக்கெட்டின் மூலையைப்
பல்லால் கடித்துத் திறந்தார்.

ஆறு வயசில் விழுந்தது பால் பல்.
நாற்பத்திரண்டில், பாலுக்குள் பல்.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஜெய்த்தூன் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
ஒரு சொட்டுச் சிந்தவில்லை, அந்த ரோட்டில்.

விசிலுக்கு எனக்கு வாய் இல்லை,
அண்ணன் விசிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.
"பசுமலையில ஹெப்சிபா டாக்டர் பத்து மணிவரைக்கும் இருப்பாங்க,
ஒரு மணி நேரத்துக்குள்ள வச்சாத்தான் ஒட்டுமாம்"
யாரோ சொன்னதும்
நிறுத்தங்கள் வெளியே ஓடின.
என் ஸ்டாப்பு போச்சே என்றார் ஒரு பெரியவர்.
கொஞ்ச நேரம் கழித்து,
சரி, நடந்துக்கிறேன் என்றார்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
டாக்டர் குனிந்து முதலில் கிளாஸைப் பார்த்தார்,
அப்புறம்தான் என்னை.
"பால்ல போட்டது யாரு?"
ஜெய்த்தூன் பதில் சொல்லாமல்
முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பல்லை அதன் வீட்டிலேயே வைத்து
பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டினார்கள்.
இரண்டு வாரம் கஞ்சி. விசில் கூடாது.
வேருக்கு வைத்தியம் பிறகு உண்டு,
நிற்குமா என்று பிறகுதான் தெரியும்.
டெப்போவில் கணக்குக் கொடுக்கையில்
பதினைந்து ரூபாய் குறைந்தது.
பால் என்று எழுதினேன்.
கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்,
பஸ்ஸுக்கு இப்போது பாலும் ஊற்றுகிறோமா?

மூன்றாம் வாரம் பெரியாரில் நின்று கூவினேன்:
திருநகர், திருநகர், திருப்பரங்குன்றம்.
ஒவ்வொரு 'தி'க்கும் நாக்கு போய்
அதன் முதுகைத் தொட்டது.
ஆள் இருந்தது.

அன்று ஜெய்த்தூன் ஏறினாள்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
வாங்காமல், "ஈ காட்டுங்க" என்றாள்.
யாரிடமும் பல்லைக் காட்டி நிற்காதே
என்று சொல்லித்தான் வளர்த்தார்கள் என்னை.
நிறைந்த பஸ்ஸில்
காட்டினேன்.