எண் 614, திருத்திய வடிவம்

வெள்ளை ஆடி, மூன்றில் மேட்.
கெமியிலிருந்து, பனி உடையும் மாதத்தில்,
மரக்கட்டைக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து
வில்ஹோ கார்த்துனென் அனுப்பியிருந்தான்.
ஆற்றில் மிதந்து வரும் கட்டைகளைக்
கொக்கியால் புரட்டி, முத்திரை பார்த்து,
கம்பெனி வாரியாகத் தள்ளிவிடுவது அவன் வேலை.
பலகையில் பதினொரு காய்கள்.
ஓர் ஆணிகூட அதிகம் அடிக்காத படகு.

முதல் நகர்வைத் தேடிய இரவில்
காப்பி இரண்டு முறை ஆறிப்போயிற்று.
செக் வைக்கக் கை துடிக்கும் இடமெல்லாம் பொய்.
ராணி சண்டையை விட்டு விலகி
ஆளில்லாத மூலைக்குப் போகிறாள்,
பேச்சின் பாதியில் எழுந்து
அடுத்த அறைக்குப் போய்விடுகிறவளைப் போல.
அவ்வளவுதான். அதன்பின்
கறுப்பு எதைத் தொட்டாலும் கழுத்துக்குக் கயிறு.
ஒரு கிளையில் குதிரை வந்து முடிக்கும்,
மிச்சமிருந்த ஒரே கட்டத்தில், ஒற்றைக் காலில் நிற்பதுபோல.
அடுப்பைப் பார்த்துத் தனியே சிரித்தேன்.
'சரிபார்த்தது' என்ற இடத்தில் கையெழுத்திட்டேன்.
சனிக்கிழமை அச்சாயிற்று.

புதன்கிழமை ஓர் அஞ்சலட்டை.
கயானி தொலைபேசி நிலையம், இரவுப் பணி,
சைமி ரோங்காய்னென்.
'மூன்று வேண்டாம், இரண்டே போதும்.
குதிரை செக், ராஜா ஒதுங்குவார், தூதன் முடிப்பான்.
அழகில்லை. ஆனாலும் மேட்.'

எங்கள் பலகையில் மந்திரிக்குத் தூதன் என்று பெயர்.
அவன் கொண்டுவந்ததை மூன்று முறை ஆடிப் பார்த்தேன்.
பள்ளிப் பையன் கண்ணில் படுவது
பதினான்கு வருடம் பக்கம் பார்த்தவன் கண்ணில் படவில்லை.

வில்ஹோ ஒரு கறுப்புச் சிப்பாயை வைத்து வழியை அடைத்தான்.
அந்தச் சிப்பாய் ஓரடி வைத்தால்
ராஜாவுக்கு மூச்சுவிட ஜன்னல், என்றாள் சைமி.
அவன் ஜன்னலை அடைத்தான்.
அவள் கூரையில் ஓட்டை கண்டாள்.
பதிமூன்று காய். பதினைந்து. பதினெட்டு.
பலகை சந்தைநாள் படகுத்துறை ஆயிற்று.
ஆறு குளிர்காலம்.

இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளவில்லை.
எல்லாம் குவோபியோவில் என் மேசை வழியாகத்தான்.
அவன் பென்சிலை அழுத்துவான், தாளின் மறுபுறம் தடவினால் தெரியும்.
அவள் எழுதுவது அழைப்புச் சீட்டில்,
யாரோ யாரோடோ பேசிய நிமிடங்களுக்குக் கீழே.
பிரதி எடுத்து அனுப்புவேன்.
ஒருமுறை அவள் எழுதிய 'மன்னிக்கவும்' என்பதைப்
பிரதியில் விட்டுவிட்டேன். ஏனென்று கேட்காதீர்கள்.

பிறகு ஒரு சீட்டு வந்தது.
பழைய பதினொரு காய்கள், வெள்ளைக் குதிரையின்மேல் ஒரு பெருக்கல் குறி.
'இதை எடுத்துவிட்டால்?'

எட்டு மாதம் கெமியிலிருந்து ஒரு வரி இல்லை.
ஆறு உறைந்தது, உடைந்தது, கட்டைகள் வந்தன.
நான் என் கணக்கில் அவனை
இரண்டு முறை கோபக்காரனாக்கினேன், ஒரு முறை நோயாளியாக்கினேன்.

வந்தது.
ஒன்பது காய்கள்.
குதிரை இல்லை, குதிரைக்காக நின்ற சிப்பாயும் இல்லை.
ராணி அதே மூலைக்குத்தான் போகிறாள்,
இன்னும் தூரத்திலிருந்து.
நான் சிரித்த அந்தக் கிளை மட்டும் போய்விட்டது.
படத்தின் மேல் இரண்டு பெயர்கள்.
அகர வரிசையில் கா முன்னால், ரோ பின்னால்.
அவன் மாற்றி எழுதியிருந்தான்.

கையெழுத்திடுமுன் நான்கு இரவு பார்த்தேன்.
பூட்டிய வீட்டைச் சுற்றிவரும் திருடனாய்
ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் பார்த்தேன்.
திறக்கவில்லை.

சில இரவுகளில் பழைய பதினொன்றை அடுக்குகிறேன்.
இரண்டில் முடியும் என்று தெரியும்.
மூன்றில் ஆடுகிறேன், குதிரை வருவதைப் பார்க்க.

திருத்திய வடிவத்துக்கு இருபத்திரண்டு விடைகள் வந்தன,
நான்கு தப்பு.
கயானியிலிருந்து அந்த வாரம் அட்டை இல்லை.
தன் கணக்குக்குத் தானே விடை அனுப்பக் கூடாது,
விதி நான் எழுதியதுதான்.
ஆனாலும் புதன்கிழமை தபால் வந்ததும்
கட்டை இருமுறை பிரித்துப் பார்த்தேன்.