நிறுத்து

சோஹார் துறைமுகச் சாலையில்
எண்பது டன் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான், ஒரு பிரிண்டர்,
பாதி வேலை செய்கிற ஏசி.

சேர்ந்த முதல் மாதம் பிரிண்டர் மக்கர் செய்தது.
கையால் எழுதிக் கொடுத்த
இருநூற்றுப் பதினாறு சீட்டிலும்
கிராஸ் வெயிட், நெட் வெயிட் எல்லாம்
காத்திருக்கிற வெயிட்டாகவே போயிருக்கிறது.
நாற்பத்திரண்டு டன் காத்திருப்பு.
அதில் லாரியின் சொந்தக் காத்திருப்பு பதினைந்து.
கழித்தால் வருவது கல்லுடையது.

கணக்குப் பிரிவு ரெஜிமோன்தான் கண்டுபிடித்தான்.
நடுவில் ஒரு ஜி.எச் வேண்டும் என்றான்.
ஜி.எச் என்றால் எனக்குக் கடலூர் பெரியாஸ்பத்திரி.
அங்கேயும் வராந்தா முழுக்க
வெயிட் பண்ணுகிறவர்கள்தான்.
இந்தச் சொல்லிலோ அது
சத்தமே போடாமல் நடுவில் படுத்துக் கிடக்கிறது,
யாரும் பார்க்க வராத கட்டில் மாதிரி.

தமிழில் எழுதிப் பார்த்தேன்.
வெயிட். வெயிட்.
ஒரு வித்தியாசமும் இல்லை.
கண்டுகொள்ளாமல் இருப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

சைட்டில் இருக்கிறேன் என்றால்
போனில் மங்கையர்க்கரசி சிரிக்கிறாள்.
யாரை, என்று கேட்கிறாள்.
நாலு கிலோமீட்டருக்குப் பெண் நிழல்கூட விழாத சைட்.
கல், கல், கிரேன், கடல்.

சூப்பர்வைசர் ஹிலாலுக்கு
இங்கிலீஷின் இரண்டு பகரத்தில் ஒன்றுதான் வரும்.
சம்பளம் நாளைக்கு என்பதை
விரிகுடா நாளைக்கு என்பான்.
ஒரு விரிகுடாவை விட்டுவிட்டுத்தான்
இந்த வளைகுடாவுக்கு வந்தேன், ஹிலால்,
இன்னொன்று எதற்கு?
குறை சொல்லவும் வாயில்லை,
என் எழுத்திலும் இரண்டுக்கும் ஒரே ப.
போன மே மாதம் இரண்டுமே வரவில்லை.

அதே மாதம்தான் லீவு கேட்டு எழுதினேன்.
ஸ்பெல்லிங் புரண்டு
ஜூன் பத்து முதல் நாற்பது நாள்
வாழ விரும்புகிறேன் என்று போய்விட்டது.
சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது:
இதற்குக் கம்பெனி டிக்கெட் தராது.
சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன்.
திருத்தியதும் கிடைக்கவில்லை.

பக்த் ஜமீன், ஸ்வாத்துக்காரன்,
ராத்திரி ஒரு மணி லோடு.
ஜன்னலைத் தட்டி, வெயிட் கித்னா? என்பான்.
முன்னால் பதினோரு லாரி நின்றால்
இரண்டு மணி நேரம் என்பேன்.
மேடையில் ஏறியிருந்தால்
நாற்பத்தொன்று அறுநூறு என்பேன்.
சில நாள் முன்சக்கரம் மேடையிலும்
பின்சக்கரம் மண்ணிலுமாக நிறுத்திவிட்டுக் கேட்பான்.
அப்போது டீயை நீட்டுவேன்.

அப்படி ஒரு ராத்திரி
வண்டி மேடையைத் தாண்டிப் போகப் பார்த்தது.
நிறுத்து, நிறுத்து என்று
தமிழிலேயே கத்தினேன்.
அப்புறம்தான் என் காதிலேயே விழுந்தது.
வண்டியை நிறுத்து.
கல்லை நிறுத்துச் சீட்டுக் கொடு.
இத்தனை நாள்
இங்கிலீஷ்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேனே.

நேற்று கப்பல் இல்லை, லோடும் இல்லை.
காலி மேடையில் ஏறி நின்றேன்.
வெளியே சிவப்பு எண்கள்: அறுபது.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கணக்குத் தெரியாது,
பக்கத்து இருபதுக்குத் தள்ளிவிடும்.
பக்த் ஜமீன் ஏறினான்.
அவனும் அறுபது.
இரண்டு பேரும் சேர்ந்து ஏறினோம்.
நூற்றி நாற்பது.

இறங்கினோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம்.
நூற்றி நாற்பதுதான்.
மேலே வந்த இருபது யாருடையது என்று கேட்டான்,
உருதுவில், பஷ்தோவில்,
கடைசியில் வெறும் கையால்.

கூண்டுக்குப் போய்
சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தேன்.
நெட் என்ற இடத்தில் இருபது.
பக்கத்தில் வெயிட்,
பழைய ஸ்பெல்லிங்கில்.